நூலைப் பரிந்துரைப்பவர்கள் பதிப்பையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களைப் பற்றி எழுதும் பகுதியைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். நல்ல முயற்சி. ஆனால் அதில் வரும் பல கடிதங்கள் 'அருமையான நூல், ஒவ்வொரு தமிழரும் படிக்க வேண்டும்' என்பதோடு நின்றுவிடுகின்றன. அதை நம்பிக் கடைக்குப் போகிறவருக்கு எந்தப் பதிப்பு, யார் மொழிபெயர்ப்பு, எங்கிருந்து தொடங்குவது, எந்த இடத்தில் தடுக்கும் என்று எதுவும் தெரிவதில்லை. வாங்கிய நூல் ஐம்பதாம் பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடுகிறது. நூலின் மேலும் குற்றமில்லை, வாசகர் மேலும் குற்றமில்லை. பரிந்துரைதான் அரைகுறை. வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள் என்ற முறையில், இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று எழுதுகிறோம்.

முதலில் பதிப்பு. 'பொன்னியின் செல்வன்' படியுங்கள் என்று எழுதாத வாசகர் கடிதப் பகுதியே தமிழில் இருக்காது. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஐந்து தனித்தனிப் பாகங்களாகக் கிடைக்கிறது, ஒரே கனத்த தொகுதியாகவும் கிடைக்கிறது. சுருக்கப் பதிப்புகளும் உண்டு. சுருக்கம் என்பதை உள்ளே எங்கோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பொருளடக்கத்தில் அத்தியாயங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலைவாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. ஆக மொத்தம் 293, கடைசியில் ஆசிரியரின் முடிவுரை. ஐந்தாம் பாகத்தில் 91 இல்லையென்றால் கையில் இருப்பது முழு நாவல் அல்ல. பரிந்துரைப்பவர் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், வாங்குகிறவர் கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்வார்.

அதே நாவலுக்கு இன்னும் இரண்டு குறிப்புகள் தேவைப்படும். அது 1950இல் தொடங்கி 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஆகவே பெரும்பாலான அத்தியாயங்கள் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கியை மாட்டிவிட்டுத்தான் முடியும். ஒரே மூச்சில் நூறு அத்தியாயம் படித்தால் இந்தக் கொக்கிகள் சலிப்பூட்டத் தொடங்கும். நாளுக்கு ஐந்து அத்தியாயம் வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்குள் சுகமாக முடியும். இரண்டாவது, உறவுமுறை. சுந்தர சோழரின் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன் மூவரும் ஒரு கிளை. கண்டராதித்தர், செம்பியன் மாதேவி, மதுராந்தகன் இன்னொரு கிளை. அரியணை யாருக்கு என்ற சண்டையே இந்த இரண்டு கிளைகளுக்கும் நடுவில்தான். அரைப் பக்கத் தாளில் இதை வரைந்து நூலுக்குள் செருகி வைத்துக்கொள்ளாதவர்கள் முதல் பாகத்தின் நடுவிலேயே திணறுகிறார்கள். கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கும் இந்த நாவலே உதாரணம். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கும் செய்தி, அதைச் சொல்வதில் தவறில்லை. நாவல் அந்தக் கொலையை நோக்கி எப்படிப் போகிறது, நந்தினி யார் என்பதையெல்லாம் கடிதத்தில் எழுதிவிடுகிறவர்களை மன்னிக்க முடியாது.

பதிப்பு விவரம் எங்கே கிடைக்கும்? தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் வரும் உரிமைப் பக்கத்தில். அட்டையோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். முதற்பதிப்பு எந்த ஆண்டு, கையில் இருப்பது எத்தனையாவது பதிப்பு, மூலநூலின் பெயர், மொழிபெயர்ப்பாளர், 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன் எண் எல்லாம் அங்கே இருக்கும். பழைய தமிழ் நூல்களில் இன்னும் விரிவாக ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்: தாள் இத்தனை கிலோ, அளவு டெமி, எழுத்து 11 புள்ளி, கட்டு தையல், படிகள் 1000 என்று. வேலையில்லாத விவரமாகத் தோன்றும். ஆனால் எழுத்து 10 புள்ளிக்குக் கீழே போனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த நூல் இருந்தும் இல்லாத மாதிரிதான். 800 பக்க நூல் தைக்கப்படாமல் வெறும் பசையில் ஒட்டப்பட்டிருந்தால், நன்றாக விரித்துப் படிக்கிற இரண்டாவது ஆளின் கையில் நடுப்பக்கங்கள் கழன்று வரும். நூலகத்துக்கோ நண்பர்களிடையே சுற்றுக்கு விடவோ வாங்குகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. முதுகுப் பக்கத்தை மேலிருந்து பார்த்தால், தைத்த நூலில் தாள்கள் சிறுசிறு மடிப்புக் கொத்துகளாகத் தெரியும். ஒட்டிய நூலில் ஒரே சீராக வெட்டியது போல இருக்கும்.

அடுத்தது, எங்கே தொடங்குவது. ஒரு எழுத்தாளரின் முழுத் தொகுப்பைப் பரிந்துரைப்பது பெரும்பாலும் யாருக்கும் உதவாது. 'புதுமைப்பித்தன் கதைகள் படியுங்கள்' என்றால், புதிய வாசகர் அந்தக் கனமான தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். ஆரம்பக் கதைகளிலேயே அவருக்கு அலுத்துப்போகலாம். அதற்குப் பதில் நான்கு கதைகளை வரிசையாகச் சொல்லுங்கள். முதலில் 'ஒரு நாள் கழிந்தது'. எழுத்தாளர் முருகதாசரின் ஒற்றை நாள், சின்னக் கதை, முன்னறிவு எதுவும் வேண்டாம். அடுத்து 'செல்லம்மாள்'. பிறகு 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்', அதைச் சிரித்துக்கொண்டே படிக்கலாம். அகலிகை கதை தெரிந்தவருக்குக் கடைசியாக 'சாப விமோசனம்'. அகலிகை கதை தெரியாதவர் அதைப் படித்தால் முடிவின் கனம் பிடிபடாது, அதனால்தான் கடைசியில் வைத்தோம். இந்த நான்கும் பிடித்துவிட்டால் தொகுப்பை அவரே தேடிக்கொள்வார். அப்போதும் பதிப்பைச் சொல்ல வேண்டும். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பில் ஒவ்வொரு கதையும் முதலில் எங்கே, எப்போது வந்தது என்ற விவரமும், பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறிய பாட வேறுபாடுகளும் இருக்கின்றன. மலிவுப் பதிப்புகளில் அவை இருக்காது. பொழுதுபோக்காகப் படிப்பவருக்கு மலிவுப் பதிப்பே போதும். கட்டுரை எழுத உட்காருகிற மாணவருக்குப் போதாது.

மொழிபெயர்ப்பு நூல்களில் மொழிபெயர்ப்பாளர் பெயரை விட்டுவிடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். மூல ஆசிரியர் எழுதிய ஒரு சொல்லும் தமிழ் வாசகர் கண்ணில் படுவதில்லை, படுவதெல்லாம் மொழிபெயர்ப்பாளருடையது. ஒரே நாவலுக்கு முழு மொழிபெயர்ப்பு ஒன்றும், மாணவர்களுக்கான சுருக்கம் இரண்டு மூன்றும் சந்தையில் இருப்பது சாதாரணம். பெயரைச் சொல்லாவிட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்.

ருஷ்ய நாவல்களைப் பரிந்துரைப்பவர்கள் பெயர்க் குழப்பத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நாயகன் ரோதியன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ். ஊராருக்கு ரஸ்கோல்னிகோவ், மரியாதையாக அழைப்பவருக்கு ரோதியன் ரொமானோவிச், தாய்க்கு ரோத்யா. தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னாதான் வீட்டில் தூன்யா. இரண்டு பேர்தான், ஆனால் புதிய வாசகருக்கு ஐந்து பேராகத் தெரிவார்கள். நடுவில் வரும் பெயர் தகப்பன் பெயரிலிருந்து வருவது. அண்ணனுக்கு ரொமானோவிச், தங்கைக்கு ரொமானோவ்னா. இதை ஒரு முறை சொல்லிவிட்டு, பக்க அடையாளத்துக்காக நூலில் வைக்கும் தாளிலேயே பெயர்களை எழுதிக்கொள்ளச் சொன்னால் போதும். இந்த நாவலைப் பாதியில் நிறுத்தியவர்களிடம் கேட்டால், பலரும் சொல்லும் காரணம் தத்துவம் அல்ல, பெயர்கள்.

வட்டார வழக்கில் எழுதப்பட்ட நூல்களிலும் இதே போன்ற ஒரு தடை உண்டு. கரிசல் பேச்சோ நாஞ்சில் பேச்சோ கொங்குப் பேச்சோ, வேறு ஊர்க்காரருக்கு முதல் இருபது பக்கம் கரடுமுரடாகத்தான் இருக்கும். உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும். கண்ணுக்குப் புதிதாகத் தெரியும் சொல் காதுக்குப் பழகியதாக இருக்கும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் அகராதியைத் தேடி எழுந்தால் கதை அறுந்துபோகும். பென்சிலால் அடிக்கோடிட்டு நகர்ந்துவிடலாம், மூன்றாவது முறை வரும்போது பொருள் தானே விளங்கும். அப்படியும் விளங்காதவற்றுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி போன்றவை இருக்கின்றன. பரிந்துரைக் கடிதத்தில் 'எந்தப் பகுதியின் பேச்சு' என்று இரண்டு சொல் சேர்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கதையல்லாத நூல்களில் ஆண்டைச் சொல்லாமல் விடுவது வெறும் கவனக்குறைவு அல்ல, சில சமயம் கெடுதலே செய்யும். குற்றவியல் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் கையேடு ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு மனு எழுதுகிறவர் தவறான பிரிவைக் குறிப்பிடுவார். 2017 ஜூலைக்கு முந்திய வணிக வரிக் கையேட்டில் ஜிஎஸ்டி இருக்காது. வரலாற்று நூலுக்கும் இது பொருந்தும். கீழடி அகழாய்வு தொடங்கியது 2015இல். அதற்கு முன் எழுதப்பட்ட நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது எப்போது எழுதப்பட்டது என்று தெரிந்துதான் படிக்க வேண்டும்.

குழந்தை நூல்களுக்கு வயதைச் சொல்லாத பரிந்துரை பயனற்றது. ஐந்து வயதுக்குப் பெரியவர் படித்துக் காட்டும் படநூல் வேண்டும். எட்டு வயதுக்குத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரிய எழுத்து, 32 பக்கத்துக்குள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதே 32 பக்கத்தைக் கொடுத்தால் அவமானப்படும்.

எங்கே கிடைக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். இன்று பல தமிழ் நூல்கள் சில நூறு படிகள் மட்டுமே அச்சாகின்றன. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் குவிந்து கிடந்த நூல் ஆடி மாதத்தில் எந்தக் கடையிலும் இருக்காது. அப்போது நூலகம்தான் கதி. கிளை நூலகத்தில் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாராவும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைப் பக்கத்தாருக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும். உரிமை முடிந்த, நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலும், ஈழத்து நூல்கள் 'நூலகம்' என்ற இணையதளத்திலும் கிடைக்கின்றன. மின்வருடிய பிரதி என்றால் பக்க எண்களை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அச்சுநூல் எங்கே கிழிந்திருந்ததோ அங்கே மின்பிரதியிலும் பக்கம் இருக்காது, துப்பறியும் கதையில் அது கடைசிப் பக்கமாக இருந்துதொலைக்கும். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் நூலைப் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு 'வாசிப்பை வளர்ப்போம்' என்று எழுதுவது பரிந்துரை ஆகாது. நம் நாட்டில் பதிப்புரிமை எழுத்தாளர் இறந்த பின்பும் 60 ஆண்டுகள் நீடிக்கும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும்.

இத்தனையும் எழுத இடம் எங்கே என்று கேட்கலாம். ஒரு மாதிரி தருகிறோம்:

'தோட்டியின் மகன்'. மலையாள மூலம் தகழி சிவசங்கரப் பிள்ளை, 1947. தமிழில் சுந்தர ராமசாமி. ஆலப்புழை நகராட்சியில் மலம் அள்ளும் குடும்பத்தின் மூன்று தலைமுறைகள்: இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன். மகனைத் தோட்டியாக்கக் கூடாது என்று பணம் சேர்க்கும் சுடலைமுத்து, அதற்காகத் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு என்ன செய்கிறான் என்பதுதான் கதை. சின்ன நாவல், மூன்று நான்கு மாலைகளில் முடியும். நடை எளிது. கொள்ளைநோய்ச் சாவும் மலக்கூடையும் நேருக்கு நேர் வரும், சாப்பாட்டு நேரத்தில் எடுக்க வேண்டாம். தொழிற்சங்கம் உருவாகும் பகுதி மெதுவாகப் போவது போலத் தோன்றும், தாண்டிப் போகாதீர்கள், கடைசிப் பகுதிக்கு அது தேவை. பதினைந்து வயதுக்கு மேல்.

இவ்வளவுதான். பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை ஆகியவற்றைக் கையில் உள்ள பிரதியைப் பார்த்து ஒரு வரியில் சேர்த்தால் முடிந்தது. புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் படிக்கலாமா வேண்டாமா என்று வாசகரால் முடிவெடுக்க முடியும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகருக்குச் சொன்னது நூலைப் பரிந்துரைக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

வாசகர் வட்டம் தொடங்க விரும்புவோருக்கும் சில வார்த்தைகள். பத்துப் பன்னிரண்டு பேர் சரியான அளவு. இருபதைத் தாண்டினால் பாதிப் பேர் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள், இரண்டாகப் பிரிப்பது மேல். முதல் நூலாகப் பெரிய நாவலை எடுக்காதீர்கள். ஆர்வத்தில் 600 பக்க நாவலை அறிவித்து, முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் மட்டும் படித்துவிட்டு வந்து, இரண்டாவது கூட்டமே நடக்காமல் போன வட்டங்கள் ஊர் ஊராக உண்டு. முதல் இரண்டு மாதம் தலா பத்துப் பக்கம் வரும் சிறுகதை இரண்டு போதும். பிறகு 250 பக்கத்துக்குள் ஒரு நாவல், ஆறு வாரம் முன்னதாக அறிவித்து. அறிவிக்கும் முன் இரண்டு பேருக்கு ஒரு பிரதியாவது கடையிலோ நூலகத்திலோ இருக்கிறதா என்று விசாரித்துவிட வேண்டும். நல்ல நூலைத் தேர்ந்தெடுத்தும் கூட்டம் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

கூட்டம் இரண்டு மணி நேரம். ஒருவருக்கு ஐந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைபேசியை எடுப்பார்கள். 'நூல் எப்படி?' என்று தொடங்கினால் 'நல்லா இருந்தது' என்ற பதிலோடு பேச்சு படுத்துவிடும். 'எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்? எந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தீர்கள்?' என்று கேளுங்கள். பக்க எண்ணைச் சொன்னதும் எல்லோரும் அந்தப் பக்கத்தைத் திருப்புவார்கள், விவாதம் அங்கிருந்து தானாக நடக்கும். பாதி படித்தவரையும் வரச் சொல்லுங்கள். ஏன் பாதியில் நின்றது என்று அவர் சொல்வதும் வாசிப்பு அனுபவமே. முழுதாகப் படித்தவர்களுக்கு அது சிக்குவதில்லை. எழுத்தாளரை அழைப்பதாக இருந்தால் முதல் ஒரு மணி நேரம் கழித்து வரும்படி கேட்டுக்கொள்ளலாம். அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது குறை சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. வட்டத்துக்கு வாட்ஸ்அப் குழு வைத்தால், நூலின் பெயரும் பக்க எண்ணும் இல்லாத செய்தி போடக் கூடாது என்று முதல் நாளே விதி போடுங்கள். இல்லையென்றால் ஒரு மாதத்தில் காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு நடுவில் நூலைத் தேட வேண்டியிருக்கும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பரிந்துரைக் கடிதம் அனுப்புவோர் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை ஆகியவற்றையும், யாருக்கு ஏற்றது என்ற ஒரு வரியையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று அந்தப் பகுதியின் கீழே அறிவியுங்கள். இவை இல்லாத கடிதங்களை, எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்குங்கள். இடம் போதவில்லை என்றால் அட்டைப் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட ஒருங்கிணைப்பாளர்கள்,
தஞ்சாவூர்.